எனக்கு வந்தாச்சு

வெயில் ஏற ஆரம்பித்தால் கரமனையில் எங்கள் தெருவில் யார் வீட்டு வாசலிலாவது ஒரு வேப்பிலைக் கொத்து தொங்கும். உள்ளே யாருக்கோ சின்னம்மை என்று அர்த்தம். தெருவில் போகிறவர்கள் அதைக் கண்டதும் எதிர்ச்சாரிக்கு ஒதுங்கிப் போவார்கள். நான் மட்டும் நேராக அந்த வீட்டுக் கேட்டில் போய் நிற்பேன். "பிள்ளைக்கு எப்படி இருக்கு? இளநி வேணுமா, வேங்கிட்டு வரட்டா?" என்று கேட்பேன். "தள்ளி நில்லுங்க, ஒட்டிக்கிடும்" என்று உள்ளேயிருந்து குரல் வரும். "எனக்கு வந்தாச்சு" என்பேன். அதைச் சொல்வதில் எனக்கு இருந்த கெத்து கொஞ்சநஞ்சமல்ல. நானாகப் பாடுபட்டுச் சம்பாதித்த எதைப் பற்றியும் இவ்வளவு பீற்றிக்கொண்டதில்லை.

சும்மா சொன்னதும் இல்லை. எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்க்காத வயது. பின்கட்டில் கிணற்றங்கரைக் கல்லில் என்னையும் அண்ணனையும் அம்மா ஒட்டி ஒட்டி உட்கார வைத்திருக்கிறாள். வெயிலில் வைத்து இளஞ்சூடான தண்ணீர், மஞ்சள் கலந்தது, மேலே வேப்பிலை மிதக்கிறது. ஒரு கையால் என் கண்ணைப் பொத்திக்கொண்டு மறு கையால் தலையில் ஊற்றுகிறாள். வாய்க்குள் கசப்பு இறங்குகிறது. பிறகு புதுத் துவர்த்தால் தலையைத் துவட்டி, ஆளுக்கொரு இளநீர். அம்மை இறங்கினால் எங்கள் வீடுகளில் தலைக்குத் தண்ணீர் விடுவது இப்படித்தான். அது முடிந்தால்தான் எல்லாம் முடிந்தது. அதற்கப்புறம் பிள்ளை தெருவுக்குப் போகலாம், அடுப்பில் கடுகு தாளிக்கலாம். அம்மா போய் வருடங்கள் ஆகிவிட்டன. சில நாள் அவள் முகம்கூடச் சரியாகப் பிடிபடாது. கண்ணைப் பொத்திய அந்த ஈரக் கை மட்டும் நினைத்த மாத்திரத்தில் வந்துவிடும்.

என் மனைவிக்கு அம்மை வந்ததில்லை. இது அவள் வீட்டில் எல்லாரும் அறிந்த சங்கதி. அவளுடைய அக்காவுக்குச் சிறுவயதில் ஸ்ரீவராகத்து வீட்டில் வைத்து வந்தபோது, இவள் தவழ்ந்துகொண்டிருந்த குழந்தை. அன்றைக்கே இவளைத் தூக்கிக்கொண்டுபோய் நாகர்கோவிலில் சித்தி வீட்டில் விட்டுவிட்டார்கள். அக்காவுக்குத் தலைக்குத் தண்ணீர் விட்ட பிறகுதான் கூட்டிவந்தார்கள். "இவளை அப்படிப் பொத்திப் பொத்திக் காப்பாத்தினோம்" என்று அக்கா இப்போதும் சொல்லுவார்கள். ஆக எங்கள் வீட்டில் நான் வந்தவன், அவள் வராதவள். கல்யாணமான புதிதில் இதைச் சொல்லி அவளைச் சீண்டுவதுண்டு. "உன் உடம்பு பள்ளிக்கூடமே போகாத உடம்பு" என்பேன்.

அந்த விளையாட்டுப் பேச்செல்லாம் அவள் இரண்டாவது முறை உண்டானதோடு நின்றுபோயிற்று. சரியாகச் சொன்னால் மூன்றாவது முறை. மகளுக்குப் பிறகு ஒன்று வந்தது, தங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் திரும்பி வந்தோம். அதைப் பற்றி அதற்கப்புறம் பேசியதில்லை. இந்தத் தடவை ஐந்தாம் மாதம் வந்து, உள்ளே அசைவு தெரிய ஆரம்பித்த பிறகுதான் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. நாற்காலியிலிருந்து எழுந்தாலும் வயிற்றில் ஒரு கை, உட்கார்ந்தாலும் ஒரு கை. தம்பானூர் பக்கம் எனக்கு ஒரு சின்ன மூக்குக்கண்ணாடிக் கடை. கடையிலிருந்து அவளுக்கு ஃபோன் போட்டு, "இன்னைக்கு அசைஞ்சுதா?" என்று கேட்பதே எனக்கு வேலை. வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. அவள் வகுப்பில் ஒரு பிள்ளைக்குச் சின்னம்மை என்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. அதற்கு ஒரு தடுப்பூசி உண்டு. அரசாங்கம் போடுகிற ஊசிகளில் சேர்ந்ததல்ல, நாமாகக் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். போடலாம், போடலாம் என்று தள்ளிப்போய்விட்டது. செய்தியைப் பார்த்துவிட்டு மனைவி என் முகத்தைப் பார்த்தாள். "ஒண்ணும் வராது" என்று சொன்னேன். பிறகு கொஞ்ச நாள் ஒன்றும் வரவில்லை. நாங்களும் மறந்துபோனோம்.

ஒருநாள் காலை மகளைக் குளிப்பாட்டும்போது கழுத்துக்குக் கீழே தண்ணீர்த் துளி போல ஒன்று இருந்தது. துவர்த்தால் ஒற்றினேன். போகவில்லை. முதுகைத் திருப்பிப் பார்த்தேன். அங்கே இன்னும் நான்கைந்து.

மனைவி அடுக்களையிலிருந்து, "என்ன, இன்னும் குளிச்சு முடியல்லியா? வண்டி வந்துரும்" என்று வந்துகொண்டிருந்தாள்.

"இங்க வராதே!" என்று கத்தினேன்.

"ஏன், என்ன?"

"வராதேன்னா வராதே! அப்படியே முன்வாசல் வழியா முற்றத்துக்குப் போ!"

நான் அப்படிக் கத்தினால் வழக்கமாக அவளும் பதிலுக்குக் கத்துவாள். அன்று கத்தவில்லை. புரிந்துபோயிற்று. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் முற்றத்தில் போய் நின்றாள். சோப்பு நுரையோடு நின்ற மகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "அப்பா, அம்மா எதுக்கு வெயில்ல நிக்கா? நான் ஒண்ணும் செய்யல்லியே" என்றாள். தண்ணீரை மொண்டு அவள் தலையில் ஊற்றினேன்.

மனைவியைப் பார்க்கிற டாக்டரம்மா மலையாளி, நன்றாகத் தமிழும் கலந்து பேசுவார். உடனே வரச் சொன்னார். மகளை அடுத்த வீட்டு மாமியிடம் விட்டுவிட்டு ஓடினோம். அந்த மாமியும் 'வந்தவர்'தான். டாக்டர் மனைவியை உட்கார வைத்து, முன்பு அம்மை வந்ததுண்டா என்று நிதானமாகக் கேட்டார். "முன்னே எப்போவெங்கிலும் வந்திட்டுண்டோ?"

"இல்ல டாக்டர்."

"உறப்பா?"

நிச்சயமா என்று கேட்கிறார். "உறப்பு டாக்டர். எங்க வீட்டில எல்லாருக்கும் தெரியும்" என்றாள்.

டாக்டர் எதையும் மறைக்கவில்லை. பிள்ளைகளுக்கு இது விளையாட்டுப் போல வந்து போகும், பெரியவர்களுக்கு அப்படியல்ல, வயிற்றில் பிள்ளை இருக்கும்போது வந்தால் தாய்க்கும் கஷ்டம், சில சமயம் உள்ளே இருப்பதற்கும் கஷ்டம் என்றார். "கொப்புளம் காணும் முன்னேயே ஒட்டும். மோள் உங்ககூடத்தானே படுத்தா? அப்போ ஒளிஞ்சு நின்னு காரியமில்லை. ரத்தம் பார்ப்போம். உடம்புக்கு இந்த நோய் ஞாபகம் இருந்தா பேடிக்க வேண்டாம், பயமில்லை. இல்லாட்டி ஒரு ஊசி உண்டு, சீக்கிரம் போடணும்" என்றார். அதுவரை எதற்கும் மகளைவிட்டு விலகி இருக்கட்டும் என்றும் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நிங்களுக்கோ? பிள்ளையை நிங்கதானே பார்க்கணும்?"

"எனக்கு வந்தாச்சு டாக்டர்."

"உறப்பா?"

"நூத்துக்கு நூறு. தலைக்குத் தண்ணி விட்டது நல்லா ஞாபகமிருக்கு."

டாக்டர் தலையாட்டிவிட்டு எழுத ஆரம்பித்தார். என் பேச்சில் அவ்வளவு உறுதி இருந்தது.

மனைவி ஸ்ரீவராகத்தில் அக்கா வீட்டுக்குப் போனாள். ரத்தப் பரிசோதனையின் முடிவு வர நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குறுக்கே வந்தது. நான் கடையை அடைத்துவிட்டு, வாசலில் வேப்பிலை கட்டி, மகளோடு வீட்டில் இருந்தேன். சும்மா சொல்லக்கூடாது, அந்த நாட்களைப் போல என் மகளோடு நான் இருந்ததே இல்லை. அவள் நகத்தை ஒட்ட வெட்டினேன். அரிக்கிற இடத்தில் வேப்பிலையால் தடவிக்கொடுத்தேன். ரோஸ் நிற லோஷனை ஒவ்வொரு கொப்புளத்திலும் பஞ்சால் தொட்டு வைப்பேன், அவள் கண்ணாடியில் பார்த்து, "இங்க விட்டுப்போச்சு, அப்பா" என்று கண்டுபிடித்துச் சொல்லுவாள். தாளிக்காத கஞ்சியும் துவையலும் நான் வைத்ததை, "அப்பா, இது நல்லாவே இல்ல, ஆனா பரவாயில்ல" என்று சொல்லிச் சாப்பிட்டாள். காய்ச்சல் ஒன்றரை நாள்தான். பிறகு அவள் கட்டிலில் குதித்துக்கொண்டும் கார்ட்டூன் பார்த்துக்கொண்டும் இருந்தாள். உடம்பு முழுக்கக் கொப்புளம், வாய் முழுக்கப் பாட்டு.

பயமெல்லாம் எனக்குத்தான். மனைவிக்கு வந்துவிட்டால்? இதுவும் தங்காமல் போய்விட்டால்? அவள் அதைத் தாங்கமாட்டாள், நானும் தாங்கமாட்டேன். மகளுக்கு லோஷன் போட்டுக்கொண்டே இதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன். கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டேன். வீடியோ காலில் மனைவி வருவாள், மகள் முகத்தைப் பார்த்ததும் ஃபோனைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவாள். அழுகிறாள் என்று எனக்குத் தெரியும். மகளுக்குத் தெரியாது. "அம்மே, சுவரைக் காட்டாதே, பாப்பாவைக் காட்டு" என்பாள். திரையில் மனைவியின் வயிறு தெரியும். மகள் தன் கையிலிருக்கும் கொப்புளத்தை அதற்குக் காட்டி, "பாப்பா, இது பார்த்தியா, அரிக்கும், ஆனா சொறியப்பிடாது" என்று பாடம் எடுப்பாள். நான் அடுக்களைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பேன்.

முடிவு வந்த அன்று ஃபோனை எடுத்தால் மறுமுனையில் ஒரே விசும்பல்.

"சொல்லு, எதானாலும் சொல்லு" என்றேன்.

"உண்டாம்" என்றாள். "என் ரத்தத்துல அதுக்கு எதிர்ப்பு உண்டாம். எனக்கு எப்பவோ வந்து போயிருக்காம். பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க."

"எப்ப வந்தது? எப்படி வந்தது?" என்று உளறினேன். "அது யாருக்குத் தெரியும்! நான் ஆட்டோவில ஏறிட்டேன்" என்றாள்.

அவள் வந்து இறங்கியதும் மகள் வாசல் கேட் வரை ஓடி, சட்டென்று நின்றுவிட்டாள். கிட்டே போகலாமா கூடாதா என்று தெரியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "போ மக்கா, போ" என்றேன். மனைவி மண்டியிட்டு, காய்ந்தும் காயாமலும் பொருக்கோடியிருந்த அந்தக் கழுத்திலும் முகத்திலும் மாறி மாறி முத்தமிட்டாள். லோஷன் அவள் மூக்கிலெல்லாம் ஒட்டிக்கொண்டது. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. நானும் வெட்கமில்லாமல் அழுதேன்.

பிறகுதான் விசாரணை நடந்தது. அக்காவால் இதை ஒத்துக்கொள்ளவே முடியவில்லை. "ஒருநாளும் வரல்ல! நாங்க அன்னைக்கே கொண்டுபோய் விட்டோம்லா!" என்று சண்டைக்கு வந்தார்கள். நாகர்கோவில் சித்தியைக் கூப்பிட்டுக் கேட்டால், "ரெண்டு மூணு வேர்க்குரு இருந்துதுட்டி முதுகுல. பிள்ளை சிரிச்சு விளையாடிட்டுத்தான் கிடந்தது" என்கிறார். அவ்வளவுதான் விஷயம். வீட்டை விட்டுக் கிளம்பும்போதே அது அவளோடு வண்டியேறியிருக்கிறது.

டாக்டர் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்றார். குழந்தையின் உடம்பு புதிது எதையும் தடபுடல் இல்லாமல் பிடித்துக்கொள்ளும், அதுவும் நாள்பட நிற்கும். வளர்ந்த உடம்புக்கு முன்னே தெரிந்ததெல்லாம் பலமாக இருக்கும், முழுக்கப் புதிதாக ஒன்று வந்தால் தாமதமாக விழித்து வீட்டையே ரெண்டாக்கிவிடும். எனக்கு உடனே எங்கள் வீட்டு மலையாளம் ஞாபகம் வந்தது. நானும் அண்ணனும் தெருவில் விளையாடியே மலையாளம் பிடித்துக்கொண்டோம். யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டால் தெரியாது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த அம்மா கடைசிவரை மீன்காரியோடு கையையும் காலையும் ஆட்டித்தான் பேசினாள். ஒவ்வொரு பேரமும் ஒரு யுத்தம்.

மகளுக்குப் பொருக்கெல்லாம் உதிர்ந்ததும் தலைக்குத் தண்ணீர் விட்டோம். தினம் குளிப்பாட்டலாம் என்று டாக்டர் சொல்லி, நாங்களும் குளிப்பாட்டிக்கொண்டுதான் இருந்தோம். ஆனாலும் இது வேறே. இனி நிம்மதி என்று நான் கடைக்குப் போக ஆரம்பித்தேன்.

ஒரு மத்தியானம் கடையில் இருக்கும்போது முதுகு முறிகிற மாதிரி வலி. இத்தனை நாள் அலைச்சல், அதனால்தான் என்று நினைத்தேன். ஒரு அம்மாவுக்கு ஃபிரேம் மாட்டிவிட்டு, முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடியை எடுத்து நீட்டினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். கண்ணாடியை என் பக்கம் திருப்பினேன். நெற்றியில் ஒன்று, கன்னத்தில் ஒன்று. மூக்குக்கண்ணாடிக் கடை அல்லவா, திரும்பின பக்கமெல்லாம் கண்ணாடி. எல்லாவற்றிலும் அம்மை வந்த நான்.

"அல்ல, நிங்களல்லே உறப்புன்னு சொன்னது?" என்றார் டாக்டர். அவருக்குக் கோபமா சிரிப்பா தெரியவில்லை. ஊரெல்லாம் அம்மை வீட்டு வாசலில் போய் நின்றவன் இத்தனை காலம் தப்பியதே பாக்கியம் என்றார். மாத்திரை எழுதினார். இருமல் கூடினால், மூச்சு வாங்கினால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் வரச் சொன்னார்.

நான் வீட்டுக்குப் போய் முன்னறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். கொப்புளம் தலைமுடிக்குள், வாய்க்குள், காதுக்குள். காய்ச்சலில் உடம்பு கொதித்தது. ஆனால் என்னை வாட்டியது அதுவல்ல. எனக்கு இவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தது பொய்யாகிப் போனால், அவளுடைய ரத்தம் சொன்னது மட்டும் மெய்யாக இருக்கும் என்று என்ன உறுதி? சோதனைச்சாலையில் குப்பி மாறியிருந்தால்? ஐந்து மாதம் கடந்து வந்த பிள்ளை. நான் கதவைத் திறப்பதாக இல்லை.

மனைவி வெளியே நின்று தட்டினாள். "கதவைத் திறங்க. கஞ்சி கொண்டு வந்திருக்கேன்."

"அங்க வச்சிட்டுப் போ. கிட்ட வராதே."

"எனக்கு ஒண்ணும் வராதுன்னு டாக்டர் சொன்னாங்கல்லா."

"எனக்கும்தான் வந்தாச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க!"

"எல்லாரும் சொல்லல்ல. நீங்க சொன்னீங்க."

மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு உள்ளே பார்த்தாள். "அப்பா, இதுக்குப் போயா இப்படிக் கெடக்கே? நான் கார்ட்டூன் பார்த்துட்டுல்லா இருந்தேன்" என்றாள். எனக்கு எழுந்து அவளைத் துரத்தக்கூடத் தெம்பில்லை. "எனக்கு வந்தாச்சுப்பா, நான் வரலாம்" என்று வேறு சொன்னாள். நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் அண்ணன் ஃபோன் செய்தான். கோயம்புத்தூரில் இருக்கிறான். மனைவிதான் சொல்லியிருப்பாள்.

"எலே, என்னலே, ரெண்டாவது தடவை வந்திருக்கோ?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"சிரிக்காதே. எனக்கு அப்பவே வந்ததுதானே? கிணத்தங்கரையில ரெண்டு பேரையும் உக்கார வச்சு அம்மா தண்ணி விட்டாளே."

"விட்டா. ஆனா ஒனக்கு எங்கலே வந்தது? எனக்கு நாகர்கோவில்ல மாமா வீட்டுக்கு லீவுக்குப் போன எடத்துல வந்தது. எல்லாம் காஞ்சு உதிர்ந்த பெறவுதான் என்னை வீட்டுக்குக் கொண்டுவந்தாவ. தலைக்குத் தண்ணி அம்மாதான் விடணும்னு அதுக்காகக் காத்திருந்து கொண்டுவந்தது. அம்மா எனக்கு மட்டும் ஊத்தப் போனதும் நீ கிணத்தங்கரையில விழுந்து உருண்டு ஒரே அழுகை. எனக்கும் ஊத்து, எனக்கும் இளநின்னு. அம்மா பார்த்தா. 'சரி, வா மக்கா, ஒனக்கும் வந்தாச்சு, போதுமா?'ன்னு ஒன்னையும் பக்கத்துல உக்கார வச்சு ஊத்தினா. புதுத் துவர்த்து ஒண்ணுதான் உண்டு. அதை ஒனக்கே குடுத்துட்டா. அன்னையிலேர்ந்து நீ தெருத் தெருவா சொல்லிட்டு நடந்தே. அவ சிரிச்சிட்டு விட்டுட்டா."

"எலே, லைன்ல இருக்கியா?" என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

ஃபோனை வைத்துவிட்டு அழுதேன். காய்ச்சலோ என்னவோ, நிற்கவே இல்லை. இத்தனை வருடம் நான் பெருமையடித்தது ஒரு நோயைப் பற்றியே அல்ல. நோயை எனக்குத் தராமல், அது முடிந்த சந்தோஷத்தை மட்டும் அம்மா கொடுத்திருக்கிறாள். ஒரு சின்னப் பையன் தான் விட்டுப்போனதாக நினைத்துவிடக் கூடாது என்று. அந்தக் கை என் கண்ணைப் பொத்தியது மெய். தண்ணீர் மெய். அம்மை மட்டும்தான் வரவில்லை. அம்மா இருந்திருந்தால் இப்போதே போய் மடியில் விழுந்திருப்பேன்.

மனைவி கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள் போலிருக்கிறது. எல்லாம் கேட்டிருக்கிறாள். நான் இரும ஆரம்பித்ததும் கதவில் ஓங்கித் தட்டினாள்.

"இஞ்ச பாருங்க. உங்க ஞாபகத்தை நம்பித்தான் பிள்ளையை உங்ககிட்ட விட்டுட்டுப் போனேன். இப்ப என் ரத்தத்தை நீங்க நம்பமாட்டீங்களா?"

"பாப்பாவை நினைச்சுப் பயமா இருக்கு" என்றேன்.

"எனக்கும் பயந்தான். அதுக்காக உங்களை இப்படி ஒத்தையில விடவா?" என்றாள். பிறகு, "திரும்பவும் டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். நூறு தடவை கேட்டாலும் இதுதான் பதில்னு சொன்னாங்க. திறக்கப் போறீங்களா, இல்ல மோளை விட்டு ஜன்னல் வழியா கேறச் சொல்லவா?"

திறந்தேன். உள்ளே வந்து என்னைப் பார்த்ததும் அவள் முகம் சிறுத்துப்போயிற்று. வேப்பிலையை எடுத்து என் முதுகைத் தடவிவிட ஆரம்பித்தாள். மகள் லோஷன் பாட்டிலோடு வந்து கட்டிலில் ஏறினாள். நெற்றியில் தொட்டு வைத்துக்கொண்டே, "இங்க விட்டுப்போச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நான் தேறி எழுந்து நடக்க மகளுக்கு ஆனதைப் போல மூன்று மடங்கு நாளாயிற்று. இருமல் அதற்கப்புறமும் நெடுநாள் என்னோடு கிடந்தது. மனைவிக்கு ஒரு கொப்புளம்கூட வரவில்லை. தினமும் நான் அவள் கழுத்தையும் முதுகையும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எனக்குத் தண்ணீர் விட்ட அன்று வெயில் நன்றாக இருந்தது. கிணறு இப்போது இல்லை. கொல்லையில் குழாயடியில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். மனைவி ஒரு கையால் என் கண்ணைப் பொத்திக்கொண்டு மறு கையால் ஊற்றினாள். கசப்பு வாய்க்குள் இறங்கியது. "எனக்கும் ஊத்து" என்று மகள் நின்றாள். "ஒனக்குத்தான் அன்னைக்கே விட்டாச்சே" என்றால் கேட்கிறவளா? மனைவி அவளுக்கும் ஊற்றினாள். பிறகு கையில் மிச்சமிருந்த ஈரத்தைத் தன் வயிற்றில் தடவி, "இதுக்கும் கொஞ்சம்" என்றாள்.

நான் வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டு, "அய்யோ, அதுக்கு வரல்ல! நாளைக்கு எனக்கு வந்தாச்சுன்னு சொல்லிட்டு நடக்கும்!" என்று கத்தினேன். தாயின் ரத்தத்திலிருந்து பிள்ளைக்குக் கிடைக்கிற எதிர்ப்பு பிறந்து கொஞ்ச மாதம்தான் நிற்கும், பிறகு அதற்கு ஊசி போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"அப்போ இதை யாரு ஞாபகம் வைக்கது? நீங்களா?" என்றாள் மனைவி.

"நான் வைக்கேன்" என்றாள் மகள்.

பையன் பிறந்தான். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன், அதனால் விடுகிறேன். அவன் ஓட ஆரம்பித்த பிறகு, இந்தத் தடவை ஒருநாளும் தள்ளிப்போடாமல், ஊசி போடக் கூட்டிப்போனோம். மேஜைக்குப் பின்னால் இருந்த நர்ஸ் பேனாவைப் பிடித்துக்கொண்டு, அன்று டாக்டர் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். "குஞ்ஞினு சிக்கன்பாக்ஸ் முன்னே வந்திட்டுண்டோ?"

நான் வாயைத் திறந்தேன். மனைவியும் மகளும் ஒரே சமயத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

மகள் மேஜையருகே போய் நின்றாள். "வரல்ல. தண்ணி மட்டும்தான் விட்டது" என்றாள்.

நர்ஸ் சிரித்தார். "உறப்பாணோ?"

"உறப்பு" என்றாள் மகள். பிறகு, ஊசி வருவதைக் கண்டு முகம் கோணிய தம்பியின் பக்கம் குனிந்து, அவன் கண்ணைத் தன் கையால் பொத்திக்கொண்டாள்.